விழுந்த உடம்புக்கு விடுப்பு ஏது?

உத்தமபாளையத்தில் இருந்து கம்பம் நோக்கிப் போகும் சாலையில், வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி வரும் இடத்தில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. ஊரின் பெயரிலேயே அனுமன் இருக்கிறார். பயில்வான்களுக்கும் அவர்தான் சாமி. வடநாட்டு மல்யுத்தக் கூடங்களில் அனுமன் படமோ சிலையோ இல்லாத கோதாவைப் பார்ப்பது அரிது. மண்ணைத் தொட்டு வணங்கி, அவரையும் வணங்கிய பிறகுதான் பிடி போடுவார்கள். 1987-ல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ ஓடியபோது, அனுமனாக வந்தவரும் ஒரு பயில்வான்தான். அவர் தாராசிங். அப்போது அவருக்கு வயது 58. கோதாவை விட்டு இறங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

வம்பு வளர்ப்பவனைப் பார்த்து, “பெரிய தாராசிங்குன்னு நெனப்போ?” என்று கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. அமிர்தசரஸ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1947-ல் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போய், டிரம் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஹர்னாம் சிங் என்ற வஸ்தாதுவிடம் குஸ்தி பழகியவர் அவர். அவருக்கு ஈடாக நம்மவர்கள் சொல்லும் இன்னொரு பெயர் கிங்காங். இயற்பெயர் எமில் சாயா. பிறந்தது இன்றைய ருமேனியாவில், எடை சுமார் 200 கிலோ. இந்த இருவரும் மோதிய கதையைச் சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் யாரைத் தூக்கிச் சுழற்றி வீசினார் என்பது அந்தக் கதையில் வரும். மறுநாள் காலை அந்த இடுப்பும் முதுகும் எப்படி இருந்தன என்பது வராது.

டிக்கெட் விற்று நடக்கும் குஸ்தி இது. இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் வேறு ஊர். மைதானம் பேசியாகிவிட்டது, சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது என்றால் பயில்வான் இறங்கித்தான் ஆக வேண்டும். 1968 மே 29 அன்று பம்பாயில் உலகப் பட்டத்துக்காகத் தாராசிங்கின் எதிரே நின்ற அமெரிக்கர் லூ தெஸுக்கு வயது 52. அதே தெஸ் தன் கடைசி ஆட்டத்தை 1990-ல் ஜப்பானில் ஆடினார், 74 வயதில்! கிங்காங்கை முடித்தது கோதா இல்லை, சாலை. 1970-ல் கார் விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரில் இறந்தார். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் பயில்வானுக்கு இரவுப் பயணமும் எதிராளி மாதிரிதான்.

“எல்லாம் நாடகந்தானே, இதில் என்ன காயம்?” என்று கேட்பவர்கள் உண்டு. யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்பே முடிவானது என்பது உண்மை. தொலைக்காட்சியில் வரும் தொழில்முறை மல்யுத்தத்தில் கதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள், வில்லன் யார், நாயகன் யார் என்று தீர்மானிக்கிறார்கள். ஆனால் புவியீர்ப்புக்கு அந்தக் கதை தெரியாது. கோதா என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் மெல்லிய நுரை மெத்தை, அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். அதில் நூறு கிலோ மனிதன் ஒருவன் ஆறேழு அடி உயரத்தில் இருந்து மல்லாந்து விழ வேண்டும்.

விழுவதற்கென்றே ஒரு வித்தை இருக்கிறது. ‘பம்ப்’ என்று அவர்கள் சொல்வது அதைத்தான். பின்னந்தலை மோதாதபடி தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், இரண்டு உள்ளங்கைகளும் கித்தானில் அறைய வேண்டும். அப்போதுதான் அடி ஓரிடத்தில் குவியாமல் பரவும். பரவுகிறதே தவிர, காணாமல் போவதில்லை. ஓர் ஆட்டத்தில் பத்துப் பதினைந்து முறை, வாரத்தில் நான்கு நாள், ஆண்டு முழுவதும் என்று கணக்குப் போட்டால், கழுத்து எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் என்ன ஆகும் என்பதைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை.

90-களில் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த உலகம் ட்ரம்ப் கார்டு வழியாக வந்தது. புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த அந்தச் சீட்டுக்கட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ரேங்க், உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை போட்டார், எத்தனையில் ஜெயித்தார் என்று எண்கள் இருக்கும். ‘சண்டைகள்’ என்று சொல்லி, எண் அதிகமாக இருந்தால் எதிராளியின் சீட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். நிறைய ஆடியவனே வலியவன் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தலைமுறை அது. எத்தனை எலும்பு முறிந்தது, எத்தனை நாள் படுத்திருந்தார் என்பதற்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை.

அந்தக் கட்டிலேயே மதிப்பு மிக்க சீட்டு அண்டர்டேக்கர். 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில், கோதாவைச் சுற்றி இரும்புக் கூண்டு அமைத்து அவருக்கும் மிக் ஃபோலிக்கும் நடந்த மோதல் இன்றும் பேசப்படுகிறது. பதினாறு அடி உயரக் கூண்டின் உச்சியில் இருந்து ஃபோலி கீழே இருந்த மேசை மேல் தள்ளப்பட்டார். தோள் நழுவிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போகும்போது எழுந்து திரும்பி வந்து, மறுபடியும் கூண்டின் மேல் ஏறினார். இரண்டாம் முறை கூரை பிய்ந்து கோதாவுக்குள் விழுந்தார். இந்த விழுகை திட்டமிடாதது. பல் உடைந்தது, நினைவு தப்பியது. அதன் பிறகும் ஆட்டம் நடந்தது. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு அண்டர்டேக்கரே முறிந்த பாதத்தோடுதான் கூண்டின் மேல் ஏறியிருந்தார். அரங்கத்தில் இருந்தவர்கள் கைதட்டியது ஒருவரின் வீரத்துக்கு என்றால், உண்மையில் மருத்துவ விடுப்பில் இருந்திருக்க வேண்டியவர்கள் இருவர்.

முந்தைய ஆண்டு, 1997 ஆகஸ்ட் 3 அன்று, ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து இறக்கிய ஒரு பிடி பிசகியது. தலை நேராகத் தரையில் இடித்தது. கழுத்துக்குக் கீழே சிறிது நேரம் எதுவும் அசையவில்லை. எதிராளி ஓவன் ஹார்ட் கூட்டத்தைப் பார்த்துக் கத்தி நேரத்தைக் கடத்த, ஆஸ்டின் தவழ்ந்து வந்து, திட்டப்படி அவரை உருட்டிப் பிடித்து ‘ஜெயித்தார்’. அவர் புகழ் உச்சிக்கு ஏறியது அதற்குப் பிறகுதான், அந்தக் கழுத்தோடுதான். கழுத்து எலும்புக்கான அறுவைச் சிகிச்சை 2000-ம் ஆண்டு தொடக்கம் வரை தள்ளிப்போனது. 2003 மார்ச் 30-ல் சியாட்டிலில் நடந்தது அவரது கடைசி முழுநேர ஆட்டம். அதற்கு முந்தைய இரவு அவர் இதயத் துடிப்பு எகிறி மருத்துவமனையில் கிடந்தார். மறுநாள் கோதாவில் நின்றார். வயது 38.

கிரிக்கெட்டுக்குப் பருவம் உண்டு. கால்பந்துக்கும் உண்டு. நம் ஊர் ஜல்லிக்கட்டுக்கும் உண்டு. உத்தமபாளையம் வட்டத்துப் பல்லவராயன்பட்டியில் மாடு அவிழ்ப்பது ஆண்டுக்கு ஒரு முறைதான். அடிபட்ட இளைஞனுக்கும் காளைக்கும் அடுத்த ஆண்டு வரை காலம் இருக்கிறது. தொழில்முறை மல்யுத்தத்தில் அப்படி ஒரு இடைவெளியே கிடையாது. தொலைக்காட்சி வாரா வாரம் கேட்கிறது. அதற்கு நடுவே சிறு நகரங்களில் டிக்கெட் ஆட்டங்கள். 1980-களில் முன்னணி வீரர்கள் ஆண்டில் 250, 300 நாள் வெளியூரிலேயே கழித்தார்கள். விமானச் சீட்டு நிறுவனம் தரும், இறங்கிய பிறகு வாடகைக் கார், தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் வீரரின் கைக்காசு. ஆகவே நான்கு பேர் ஒரு காரில் நெருக்கிக்கொண்டு, ஆட்டம் முடிந்த இரவே முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போவார்கள். தூக்கம் காரில், உடற்பயிற்சி காலையில், விழுவது மாலையில்.

தசை கிழிந்தால் சில வாரங்களில் ஓரளவு கூடும். மூட்டை இறுக்கிப் பிடிக்கும் நார்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை கூட மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்கள் கையில் இல்லாதவன் வலியைத் தீர்க்க முடியாது, மறைக்கத்தான் முடியும். வலி மாத்திரை வந்தது அப்படித்தான். இரவில் தூங்க ஒன்று, காலையில் எழுந்திருக்க ஒன்று, உடம்பின் பருமனைக் காக்க ஊசி. எடி கெரேரோ என்ற மெக்சிகோ வம்சத்து வீரர் போதையில் இருந்து முழுதாக மீண்டு வந்து, உலகப் பட்டமும் வென்றவர். 2005 நவம்பர் 13 அன்று மினியாபொலிஸ் நகரின் ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். காரணம் இதய நோய், வயது 38. மூன்று மாதம் கழித்துத்தான் டபிள்யூடபிள்யூஈ நிறுவனம் இதயப் பரிசோதனையும் போதைப் பரிசோதனையும் அடங்கிய உடல்நலத் திட்டத்தை அறிவித்தது.

அதுவும் போதவில்லை. 2007 ஜூனில் கிறிஸ் பென்வா என்ற வீரர் தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செயலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. இறந்தபின் அவரது மூளையைச் சோதித்தவர்கள், 40 வயது மனிதனின் மூளை 85 வயது அல்சைமர் நோயாளியின் மூளையைப் போல் சிதைந்திருந்ததாகச் சொன்னார்கள். கயிற்றின் மேலிருந்து பாய்ந்து தலையால் இடிப்பது அவரது அடையாள வித்தை. அடுத்த சில ஆண்டுகளில் மூளை அதிர்ச்சிக்கான பரிசோதனை கட்டாயமாயிற்று. 2010-ல் நாற்காலியால் தலையில் அடிப்பது தடை செய்யப்பட்டது. தடை வரும் வரை அது வாரம் தவறாமல் நடந்த காட்சி என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஏன் இவர்களால் ஓய்வு எடுக்க முடியவில்லை? பதில், கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு எளிதாகப் புரியும். விடிவதற்கு முன்பே இங்கே ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள். போன நாளுக்குக் கூலி. கால் சுளுக்கி வீட்டில் கிடந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் அமெரிக்க மல்யுத்தத்திலும் அடிப்படை இதுதான். வீரர் அங்கே ஊழியர் இல்லை, ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’. என்ன உடை, என்ன பெயர், எந்த ஊரில் எத்தனை மணிக்கு, யாரிடம் தோற்க வேண்டும் என்பதையெல்லாம் நிறுவனம் தீர்மானிக்கும். வேறு நிறுவனத்துக்கு ஆடக் கூடாது. ஆனாலும் தாளில் அவர் தனக்குத்தானே முதலாளி.

இந்த ஒரு சொல்லால் என்ன போகிறது என்பதை நம் ஊர்க் கணக்கில் பார்க்கலாம். தேனி வட்டாரத்து நூற்பாலையில் இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளிக்கு நோய் வந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கினால் 90 சதவீதம். அமெரிக்காவில் ஊழியர்களுக்கு அவர்களுடைய இழப்பீட்டுச் சட்டங்களும், 12 வாரம் சம்பளமில்லா மருத்துவ விடுப்பு தரும் 1993-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. ஒப்பந்தக்காரருக்கு இவை பொருந்தாது. உலகமே பெயர் அறிந்த பயில்வானிடம் நம் ஊர் மில் தொழிலாளியின் அட்டை இல்லை! டபிள்யூடபிள்யூஈ நிறுவனத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். கோதாவில் பட்ட காயத்துக்கான சிகிச்சைச் செலவை அது ஏற்கிறது. ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ஊதியம் ஒன்று உறுதி செய்யப்படுகிறது. ஓரத்தில் மருத்துவர் நிற்கிறார். ஆனால் காயத்தால் ஆடாமல் போன மாதங்களை ஒப்பந்தக் காலத்தின் முடிவில் கூட்டிவிடும் வழக்கமும் இருந்திருக்கிறது. படுத்திருந்த நாளை ஆடித் தீர்க்க வேண்டும்.

பாதுகாப்பு எப்படிக் கைநழுவியது என்பதற்கு ஒரு தேதி உண்டு. 1989 பிப்ரவரியில், நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன்பு, மல்யுத்தம் போட்டி அல்ல, வெறும் பொழுதுபோக்குதான் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பல்லாண்டாகக் காத்த ரகசியம். அதை உடைத்ததற்குக் காரணம் நேர்மை மட்டும் இல்லை. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் உரிமம், வரி, ஆட்டத்துக்கு முன் வீரர்களுக்கு உடல் பரிசோதனை எல்லாம் வேண்டும். பொழுதுபோக்கு என்றால் வேண்டாம். குத்துச்சண்டையில் நாக் அவுட் ஆனவரை இத்தனை நாள் மேடை ஏறக் கூடாது என்று ஆணையம் தடுத்து வைக்கும். 1996-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாநிலம் போட்ட அந்தத் தடையை மற்ற மாநிலங்களும் மதிக்க வேண்டும். பயில்வானைத் தடுத்து வைக்க யாரும் இல்லை.

சரி, நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறதே? 1986-ல், பெரிய ஆட்டம் ஒன்றுக்கு முன், ஜெஸ்ஸி வெஞ்சுரா என்ற வீரர் உடை மாற்றும் அறையில் அதைத்தான் பேசினார். சங்கம் அமைப்போம், இப்போது கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். பேச்சு முதலாளி காதுக்குப் போயிற்று. போட்டுக்கொடுத்தவர் அன்றைய உச்ச நட்சத்திரம் ஹல்க் ஹோகன் என்பது, பல ஆண்டுகளுக்குப் பிறகு வெஞ்சுரா தொடர்ந்த ராயல்டி வழக்கில் முதலாளியின் சாட்சியத்திலேயே வெளிவந்தது. வெஞ்சுரா பிறகு மினசோட்டா மாநில ஆளுநரே ஆகிவிட்டார். பயில்வான்களுக்குச் சங்கம் மட்டும் இன்றுவரை வரவில்லை. 2008-ல் மூன்று முன்னாள் வீரர்கள் தங்களை ஊழியர்களாக அறிவிக்கக் கோரி வழக்குப் போட்டார்கள். காலக்கெடு கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. மூளைக் காயத்துக்காக 2016-ல் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து போட்ட வழக்கும் 2018-ல் தள்ளுபடியானது.

இந்த இடத்தில் கோடம்பாக்கத்தை நினைத்துப் பார்ப்பது நியாயம். கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழும் நம் சினிமா சண்டைக் கலைஞருக்கும் வேலை இதே மாதிரிதான். திட்டமிட்ட காட்சி, திட்டத்துக்கு அடங்காத உடம்பு. ஆனால் ஸ்டண்ட் கலைஞர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சங்கம் இருக்கிறது. ஊதியமும் வேலை நேரமும் பேச ஒரு கதவு இருக்கிறது. அதனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் தாவும் காட்சி ஒன்றில் அனுபவம் மிக்க கலைஞர் ஒருவர் இறந்தார். அந்தக் காட்சியைப் படம்பிடித்த கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

உடம்பு கெஞ்சியும் ஓடியவர்களின் கதையில் சி.எம். பங்க் என்ற வீரரின் கதை தனி. 2014 ஜனவரி 26 அன்று ஒரு பெரிய ஆட்டம் ஆடினார். மறுநாள் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு வந்தவர், முதலாளிகளிடம் பேசிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ரசிகர்கள் அவரைக் கோழை என்றார்கள், நன்றி கெட்டவர் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அவர் ஒரு நேர்காணலில் மனம்திறந்தார். மூளை அதிர்ச்சி, விலா, முழங்கால், முதுகில் சரியாகக் கவனிக்கப்படாத கட்டி, ஓய்வே இல்லாத ஓட்டம் என்று அடுக்கினார். நிறுவனத்தின் மருத்துவர் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 2018 ஜூனில் சிகாகோ நீதிமன்ற நடுவர் குழு பங்க்கின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விடுப்பு எழுதிக் கேட்க ஒரு படிவம்கூட இல்லாத வேலையில், எழுந்து நடந்து வெளியே போவதுதான் அவருக்குத் தெரிந்த விடுப்பு.

ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவாவால் அப்படியும் போக முடியவில்லை. ‘நோவா’ என்ற மல்யுத்த நிறுவனத்தின் தலைவரும் அவரே, கூட்டம் பார்க்க வரும் முகமும் அவரே. தான் ஆடாவிட்டால் டிக்கெட் விற்காது, தன்னை நம்பி இருப்பவர்களுக்குச் சம்பளம் போகாது. கழுத்து வலியோடு ஆடிக்கொண்டிருந்தார். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், வழக்கமான ஒரு பின்வீச்சில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கழுத்துத் தண்டுவடம் முறிந்துவிட்டது. வயது 46. அந்த வீச்சு அவர் ஆயிரம் முறை வாங்கியது. முதலாளி கொடுமைக்காரன் என்பதால் மட்டும் ஓய்வு மறுக்கப்படுவதில்லை என்பதற்காகவே அவரை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். ஹிமாச்சலப் பிரதேசத்தில் கூலி வேலை பார்த்துப் பின் பஞ்சாப் போலீஸில் சேர்ந்த தலீப் சிங் ராணாவை உலகம் ‘தி கிரேட் காளி’ என்று அறியும். ஏழடிக்கும் மேலான உயரம். அந்த உயரமே ஒரு நோயின் விளைவு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக் கட்டிக்கு 2012-ல் அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவரது தொடக்க காலத்தில் ஒரு துயரம் உண்டு. 2001 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில், அவரோடு சேர்ந்து ஒரு வித்தையைப் பழகிய 27 வயது மாணவர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அந்த மாணவருக்கு அதற்கு முன்பே பயிற்சியில் மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. ஆறவிடாமல் மறுபடி விழவிட்டதற்காகப் பள்ளி பொறுப்பு என்று முடிவு செய்த நடுவர் குழு, குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

முதல் அதிர்ச்சியைவிட அது ஆறுவதற்குள் வரும் இரண்டாவது அதிர்ச்சிதான் ஆளைக் கொல்லும். மருத்துவம் இன்று சொல்லும் முறை கடினமானதில்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வு. பிறகு நடை. பிறகு லேசான பயிற்சி, ஆளோடு மோதாத பயிற்சி, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மோதல். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலியோ கிறுகிறுப்போ திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். செலவே இல்லாத வைத்தியம் இது, நாட்கள் மட்டும் வேண்டும்.

அந்த நாட்களைத் தானாக எடுத்துக்கொள்ளப் பயில்வான்களுக்கு மனம் வருவதில்லை. 2016 பிப்ரவரியில் காளி தானே நடத்திய நிகழ்ச்சியில், உத்தராகண்டின் ஹல்த்வானியில், வெளிநாட்டு வீரர்கள் நாற்காலியால் அடித்ததில் நெற்றி பிளந்து மருத்துவமனைக்குப் போனார். தையல் போட்டார்கள். நான்கு நாள் கழித்து டேராடூனில் அடுத்த நிகழ்ச்சி இருந்தது. கட்டுப்போட்ட தலையோடு வந்து இறங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

நம் ஊர்க் கபடியிலும் இதே மனம்தான். கோயில் திருவிழா தொடங்கினால் இரவு முழுக்க ஆட்டம். ஒரே வாரத்தில் மூன்று ஊர். முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாடிப் போகும் பையனை யாரும் தடுப்பதில்லை. 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் மானடிக்குப்பத்தில், பாடிப் போன 22 வயது இளைஞர் பிடிபட்டு விழுந்து, அப்படியே இறந்துபோனார். மைதானத்தின் ஓரத்தில் பரிசுக் கோப்பை வைக்க மேசை போடும் விழாக் குழு, அதன் பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ் நிறுத்தி வைப்பது இன்னும் எல்லா ஊரிலும் வழக்கமாகவில்லை.

உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பது பழைய குஸ்தி மரபுக்குத் தெரிந்திருந்தது. கோதா மண்ணை மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்து பதப்படுத்துவார்கள். விடியலில் அதைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்குவதே முதல் பயிற்சி. தண்டாலும் பஸ்கியும் எவ்வளவு முக்கியமோ, எண்ணெய் தேய்த்து உடம்பை உருவிவிடுவதும் நேரத்தில் படுப்பதும் அவ்வளவு முக்கியம். எல்லாவற்றுக்கும் மேலாக வஸ்தாது இருந்தார். “இன்னிக்கு நீ இறங்காதே, ஓரமா உக்காரு” என்று அவர் சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது. சீடன் உட்கார்ந்தால் வஸ்தாதுக்கு வசூல் குறையப்போவதில்லை, ஆகவே அவரால் சொல்ல முடிந்தது. பயில்வான்கள் கும்பிடும் அனுமனின் கதையிலும், அடிபட்டு விழுந்தவனை ‘எழுந்து சண்டை போடு’ என்று அவர் சொல்லவில்லை. மலையோடு பெயர்த்து மருந்து கொண்டுவந்தார்.

வஸ்தாது செய்யும் வேலையை மருத்துவர் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு டேனியல் பிரையன் என்ற வீரர் சாட்சி. பல முறை மூளை அதிர்ச்சி பட்டவர், அதன் பின் வலிப்பும் வந்தவர். புகழின் உச்சியில் இருந்தபோது நிறுவனத்தின் மருத்துவர்கள் அவரை இறங்கவிட மறுத்தார்கள். அவர் மன்றாடினார், வெளி மருத்துவர்களிடம் போய் ‘ஆடலாம்’ என்று எழுதி வாங்கி வந்தார். அப்போதும் மறுத்தார்கள். 2016 பிப்ரவரியில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். இரண்டு ஆண்டுகள் சிகிச்சை, பரிசோதனை, காத்திருப்பு. 2018 மார்ச்சில் அதே மருத்துவர்கள் சம்மதித்தார்கள். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆடினார், பட்டங்கள் வென்றார். இந்தத் தொழிலில் அப்படி ஒரு இடைவெளி கிடைத்தவர்கள் மிகக் குறைவு.

மகளுக்கு ஏழு வயது ஆனதும் முழுநேர ஆட்டத்தை நிறுத்திவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக அவர் சொல்லி வந்தார். 2024-ல் அவளுக்கு ஏழு வயது ஆனது. அந்த ஆண்டு அக்டோபர் 12 அன்று, தன் சொந்த மாநிலமான வாஷிங்டனில், டகோமா நகரில், பட்டத்தைத் தோற்றுவிட்டுக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போனார்.